ஒரு கல், நான்கு விடை: தரம் 9 பிள்ளைகளின் அடர்த்திக் கணக்கு

இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் தரம் 9க்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொன்னால் அவருடைய கேள்வி இது: "வாசலில் கொட்டிக் கிடந்த சல்லிக்கல்லில் ஒன்றை எடுத்து நான்கு பிள்ளைகளிடம் அடர்த்தி காணச் சொன்னேன். கல் 27 கிராம். எங்களிடம் 250 மில்லிலீற்றர் அளவுச்சாடி ஒன்றும், சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றும்தான் உண்டு. 2.3, 2.5, 2.7, 3.0 என்று நான்கு விடை வந்தது. புத்தகத்தில் கருங்கல்லுக்கு 2.7 என்று இருப்பதைப் பார்த்ததும் மற்ற மூன்று பேரும் அழித்துவிட்டு 2.7 என்று எழுதிவிட்டார்கள். எங்கே பிழை? இந்தப் பொருட்களை வைத்துக்கொண்டு புவி விஞ்ஞானத்தின் அடிப்படையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?"

தங்கச்சி, பிள்ளைகள் அழித்த அந்த மூன்று எண்களும் உங்கள் வகுப்புக்கு வந்த நல்ல பாடம். முதலில் அவற்றைத் திரும்ப எழுத வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அடர்த்தி என்றால் நிறையைக் கனவளவால் பிரித்து வருவது, ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை கிராம் என்று. 27ஐ 12ஆல் பிரித்தால் 2.25, அதாவது 2.3. 11ஆல் பிரித்தால் 2.45, அது 2.5. 10ஆல் பிரித்தால் 2.7. 9ஆல் பிரித்தால் 3.0. நான்கு பிள்ளைகளும் கண்ட கனவளவு 12, 11, 10, 9 மில்லிலீற்றராக இருந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் வெறும் ஒரு மில்லிலீற்றர்தான் வித்தியாசம். இப்போது உங்கள் அளவுச்சாடியை எடுத்துப் பாருங்கள். 250 மில்லிலீற்றர் சாடிகளில் பெரும்பாலும் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு 2 மில்லிலீற்றர். பாதிக் கோட்டை மதித்து வாசித்தாலே அது 1 மில்லிலீற்றர். கல்லைப் போடமுதல் ஒரு வாசிப்பு, போட்டபிறகு ஒரு வாசிப்பு, இரண்டிலும் தலா 1 தவறினால் 8 முதல் 12 வரை எதுவும் வரலாம். உங்கள் பிள்ளைகள் நால்வரும் அந்தச் சாடி தரக்கூடிய அளவுக்குச் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். பிழை என்று சொல்வதானால், 10 மில்லிலீற்றர் பொருளை 2 மில்லிலீற்றர் கோடு போட்ட சாடியில் அளந்தது மட்டும்தான். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தாலிக்கொடியை வைத்த மாதிரி.

சின்னச் சின்ன வழுக்களும் கூடவே சேர்ந்திருக்கும். கண் நீர் மட்டத்துக்கு நேராக இல்லாமல் மேலே இருந்தால் வாசிப்புக் கூடும். இரண்டு முறையும் ஒரேமாதிரி மேலேயிருந்து பார்த்தால் கழிக்கும்போது அந்த வழு பெரும்பாலும் போய்விடும். முதலில் குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு நின்றுகொண்டு பார்த்தால்தான் கனவளவு கூடி அடர்த்தி குறையும். கல்லைத் தொப்பென்று போட்டு இரண்டு துளி வெளியே தெறித்தால் கனவளவு குறைந்து அடர்த்தி கூடும். கல்லில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் திரும்பவும் குறையும். எந்த வழு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும். "கவனமாகச் செய்" என்று நூறு தரம் சொல்வதைவிட இது பலன் தரும்.

இன்னொன்று. புத்தகத்தில் இருக்கும் 2.7 உங்கள் வாசல் கல்லைப் பார்த்து எழுதியது அல்ல. நாங்கள் கருங்கல் என்று பொதுவாகச் சொல்வது பல வகை. வன்னியில் உடைக்கும் கல்லில் பெரும்பகுதி நைஸ் என்ற உருமாறிய பாறை. வெளிர் நிறக் கனியங்களான குவாட்ஸும் பெல்ட்ஸ்பாரும் கூடிய கல் 2.6 முதல் 2.7 வரை இருக்கும். கறுப்புக் கனியமான ஹோர்ன்பிளென்ட் கூடினால் 2.9ஐயும் தாண்டும், ஏனென்றால் அந்தக் கனியமே 3க்கு மேல். சில கற்களில் மாதுளை முத்துப்போலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அது கார்னெட். 3.5க்கும் 4.3க்கும் இடைப்பட்ட அடர்த்தி அதற்கு. ஆக நால்வரும் அளந்த அந்தக் கல் உண்மையிலேயே 2.9 ஆக இருந்திருக்கவும், 3.0 என்று எழுதிய பிள்ளையே கிட்ட வந்திருக்கவும் கூடும். கல்லைப் பார்க்காமல் அந்த விடையை அழித்தது நியாயமில்லை.

சரி, நல்லபடி அளக்க வழி. உங்களிடம் இருக்கும் தராசே போதும், சாடியே தேவையில்லை. கைமுட்டி அளவு கல்லொன்று, அரைக் கிலோவுக்குக் கிட்ட, எடுத்துக் கழுவிக் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியோ பெரிய ஜொக்கோ வைத்து, கல் முழுக்க அமிழும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, தராசைப் பூச்சியமாக்குங்கள். கல்லில் தையல் நூலைக் கட்டி, கையில் பிடித்தபடியே தண்ணீருக்குள் இறக்குங்கள். கல் முழுதாக அமிழ வேண்டும், ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கனவளவு, கன சென்ரிமீற்றரில், அதாவது மில்லிலீற்றரில்.

பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "கல்லைக் கையில்தானே பிடித்திருக்கிறேன், தராசு எப்படி ஏறும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கேட்க வேண்டும். கிணற்றில் கப்பியால் வாளி இழுத்த பிள்ளை எவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்: நிறைந்த வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை பாரமே தெரியாது, தண்ணீரை விட்டு மேலே வந்ததும் கை இழுபடும். தண்ணீர் வாளியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அதேபோலத் தண்ணீர் கல்லை மேலே தள்ளும்போது, கல்லும் தண்ணீரை அதே பலத்தோடு கீழே தள்ளுகிறது. தராசு காட்டுவது அந்தத் தள்ளலை. அதன் அளவு, கல் இடம்பெயர்த்த தண்ணீரின் நிறைக்குச் சமம். ஒரு கன சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு கிராம். எங்கள் 30 பாகை வெயிலில் தண்ணீரின் அடர்த்தி சரியாக 1 இல்லை, 0.996. ஆனால் அந்த அரை வீதத்துக்கும் குறைந்த வித்தியாசம் இந்த அளவில் உங்களை உறுத்தாது.

நான் இப்படி அளந்த ஒரு கல் 548 கிராம். தொங்கவிட்டபோது தராசு 203 காட்டியது. 548ஐ 203ஆல் பிரித்தால் 2.70. தராசு ஒரு கிராம் தவறினாலும் 2.69க்கும் 2.71க்கும் இடையில்தான் நிற்கும். இதே தராசில் உங்கள் 27 கிராம் கல்லை வைத்திருந்தால் அரைக் கிராம் வழுவே விடையை ஐந்து வீதம் ஆட்டிவிடும். அப்போது 2.6 அல்லது 2.8 என்று ஒரு தசமதானம் எழுதுவதே அதிகம். 2.70 என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை. கல்குலேட்டர் 2.6995073 என்று காட்டும்போது எத்தனை இலக்கத்தோடு நிறுத்துவது என்று பிள்ளைகள் கேட்பார்களே, அதற்கு விடை கல்குலேட்டரில் இல்லை, தராசில் இருக்கிறது.

இதே முறையில் இன்னொரு கல்லை அளக்கச் சொல்வேன், அது சுண்ணாம்புக்கல். வன்னியின் நிலத்தை இரண்டாகப் பார்க்கலாம். வவுனியா, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் கீழே இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. உலகத்துப் புவிச்சரிதவியலாளர்கள் இலங்கையின் பாறைகளைப் பிரிக்கும்போது ஒரு பிரிவுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முகம் மலரும். அந்தப் பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. வடக்கே பூநகரிக்கும் மேற்கே மன்னார்க் கரைக்கும் போகப்போக அந்தப் பாறைக்கு மேலே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. கடலடியில் சிப்பியும் பவளமுமாகச் சேர்ந்து இறுகிய கல்.

பூநகரியில் கிணறு வெட்டிய இடத்தில் எடுத்த ஒரு சுண்ணாம்புக்கல்லை இப்படித்தான் தொங்கவிட்டேன். உலர்ந்த நிறை 412 கிராம். தண்ணீருக்குள் இறக்கியதும் தராசு 180 காட்டியது. எழுதப் போனேன், திரும்பிப் பார்த்தால் 178. கல்லிலிருந்து ஊசிமுனை ஊசிமுனையாகக் குமிழ் கிளம்பிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து 172. அதற்குப் பிறகுதான் நின்றது. முதல் வாசிப்பில் அடர்த்தி 2.29, கடைசி வாசிப்பில் 2.40. இரண்டும் சரியான விடைதான். முதலாவது, காற்று நிறைந்த துளைகளையும் சேர்த்த கல்லின் அடர்த்தி. பிறகு தண்ணீர் துளைகளுக்குள் புகுந்து காற்றை வெளியேற்ற, அந்தத் துளைகள் கனவளவுக் கணக்கிலிருந்து கழன்றுவிட்டன. இடையில் போன 8 கன சென்ரிமீற்றர், கல் குடித்த தண்ணீர். யாழ்ப்பாணத்தவர் கிணற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்ய முடிந்தது இந்தத் துளைகளாலும், அதே கல்லில் உள்ள வெடிப்புகளாலும் குகைகளாலும்தான். உரமும் கழிவும் அதே வழியால் அவ்வளவு வேகமாகக் கிணற்றுக்குப் போவதும் இதனால்தான். உங்கள் ஊர்க் கருங்கல் அப்படிக் குடிக்காது, அங்கே தண்ணீர் வெடிப்பிலும் உக்கிய பாறையிலும்தான் கிடைக்கும். ஒரே மாவட்டத்தில் ஒருவருக்கு 20 அடியில் தண்ணீர், பக்கத்து வளவில் குழாய்க்கிணறு வறட்சி என்று வருவது எதனால் என்று பிள்ளைகள் இதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக்கல் கிடைக்காவிட்டால் ஒரு செங்கல் துண்டைத் தொங்கவிட்டாலும் இதே கூத்து நடக்கும்.

ஆனால் அடர்த்தியை மட்டும் வைத்துக் கல்லுக்குப் பெயர் வைக்க முடியாது. குவாட்ஸ் 2.65. சுண்ணாம்புக்கல்லின் கனியமான கல்சைற் 2.71. பெல்ட்ஸ்பார் 2.55இலிருந்து 2.76 வரை. மூன்றும் வெள்ளையாகவே கிடைக்கும். எங்கள் தராசால் இவற்றைப் பிரிப்பது கடினம். இங்கேதான் கண்ணும் கையும் வேண்டும். கல்சைற்றைக் கத்தியால் கீறலாம், குவாட்ஸில் கத்தி வழுக்கும். மேசையில் தட்டையாக வைத்த பழைய கண்ணாடித் துண்டை குவாட்ஸ் கீறும். தேசிக்காயைப் பிழிந்து ஒரு துளி விடுங்கள். கல்சைற் மெல்லப் பொங்கும், குவாட்ஸ் அசையாது. சுண்ணாம்புக்கல்லைச் சுரண்டி எடுத்த தூளில் விட்டால் பொங்குவது நன்றாகவே தெரியும்.

அவதானிப்பு பற்றி ஒரு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். கண்டதையும் நினைத்ததையும் ஒரே வரியில் எழுத விடாதீர்கள். பிள்ளையிடம் ஒரு நைஸ் துண்டைக் கொடுத்தால் "எரிமலையில் உருவான பாறை" என்று எழுதும். எரிமலையை யார் கண்டது? கொப்பியின் இடப்பக்கத்தில் கண்டது மட்டும்: "கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் மாறி மாறி வருகின்றன. பட்டை 2 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு பட்டை வளைந்திருக்கிறது. கறுப்பில் மினுக்கம் உண்டு." வலப்பக்கத்தில் நினைத்தது: "பட்டை வளைந்திருப்பதால் ஒருகாலத்தில் இந்தக் கல் சூடாகி இளகியிருக்க வேண்டும்." இடப்பக்கம் எப்போதும் நிற்கும். வலப்பக்கம் நாளைக்கு மாறலாம். படம் வரைந்தால் பக்கத்தில் ஒரு பேனையையோ நாணயத்தையோ சேர்த்து வரையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது கல்லா மலையா என்று அடுத்த வருடம் அவர்களுக்கே தெரியாது.

கல் பொறுக்கப் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். பாதையோரத்துச் சல்லிக் குவியல், வீட்டுக் கிணற்று மண், பள்ளிக்கூட வளவு இவை போதும். பாவனையில் இல்லாத காட்டுப் பக்கம், பழைய மண் அணைகள், கண்ணிவெடி பற்றி எச்சரிக்கும் சிவப்பு அபாயப் பலகை உள்ள இடங்களுக்குக் கல்லுக்காக ஒரு பிள்ளையும் போகக்கூடாது. மண்ணில் பாதி புதைந்த உலோகம் எதுவாயினும் தொடவே கூடாது. இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

கடற்கரைப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் கொஞ்சம் கறுப்பு மணல் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு பேணி போதும். கொக்கிளாயிலிருந்து தெற்கே புல்மோட்டை வரை கரையில் கறுப்பாகப் படியும் மணல் அது. பெரும்பகுதி இல்மனைட் என்ற கனியம், அடர்த்தி 4.5க்கு மேல். ரூட்டைலும் சேர்ந்திருக்கும், 4.2. சேர்க்கோனும், 4.6. ஒரே பேணியில் விளிம்பு மட்டமாக வெள்ளை மணலை நிரப்பி நிறுத்துவிட்டுக் கறுப்பு மணலை நிரப்பினால், தராசைப் பார்க்கமுதலே கைக்குத் தெரிந்துவிடும். 150 மில்லிலீற்றர் பேணியில் வெள்ளை மணல் கிட்டத்தட்ட 230 கிராம் வரும். கறுப்பு நன்றாகச் சேர்ந்ததாக இருந்தால் 400க்குக் கிட்டப் போகலாம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அங்கே ஒரு கேள்வி எழுப்பும்: குவாட்ஸ் 2.65 என்றீர்களே, வெள்ளை மணல் ஏன் 1.5 அளவில் வருகிறது? பதில் சொல்லாதீர்கள். அந்தப் பேணிக்குள்ளேயே மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 60 மில்லிலீற்றருக்குக் கிட்டப் பிடிக்கும். மணலென்று நிரப்பியதில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம்.

கறுப்பு மணல் ஏன் ஒரு பக்கமாகச் சேர்கிறது? அலை ஏறும்போது எல்லா மணலையும் கொண்டுவருகிறது, இறங்கும்போது பாரம் குறைந்த குவாட்ஸை இழுத்துப் போகிறது, பாரமானது தங்கிவிடுகிறது. சுளகில் அரிசி புடைத்துக் கல் பிரிப்பதும், விதைநெல்லைத் தண்ணீரில் போட்டு மிதக்கும் சப்பியை வழித்து எறிவதும் இதே வகைக் காரியம்தான். உங்கள் பிள்ளைகளின் வீட்டில் அடர்த்தியை யாரும் அடர்த்தி என்று சொல்வதில்லை, ஆனால் ஒவ்வொரு காலபோகத்துக்கும் அதை அளக்கிறார்கள்.

சின்ன வித்தியாசம்கூட எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. வித்தியாசம் 0.025. கரையோரத்தில் நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. 1ஐ 0.025ஆல் பிரித்தால் 40. அதாவது கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கைபென், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு காலப்போக்கில் 40 அடி ஏற இடம் கொடுக்கிறோம். நிலத்தின் அமைப்பைப் பொறுத்து இது கூடிக் குறையும். ஆனாலும் பூநகரியிலோ முல்லைத்தீவுக் கரையிலோ ஒரு கிணறு உவராகிறது என்றால், அந்த 0.025ஐத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள், பிள்ளைகள் நிறையக் கல் அளந்து முடித்தபிறகு, கரும்பலகையில் எல்லா விடைகளையும் எழுதுங்கள். எல்லாம் 2.3க்கும் 3.0க்கும் இடையில் நிற்கும். அதன் கீழே 5.5 என்று எழுதுங்கள். அது முழுப் பூமியின் சராசரி அடர்த்தி. 1798இல் கவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, ஒரு கம்பியில் தொங்கிய தண்டின் நுனிகளில் சிறிய ஈயக் குண்டுகளை வைத்து, பக்கத்தில் பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்து, அவை ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்று அளந்தே இந்த எண்ணுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டார். காற்று அசைந்தாலும் வாசிப்புக் கெட்டுவிடும் என்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் வாசித்தார். இனிப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நீங்கள் பொறுக்கிய ஒரு கல்கூட 5.5 இல்லையே, அப்படியானால் உள்ளே என்ன இருக்க வேண்டும்? யாரும் பூமியின் மையத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை. மேலோட்டில் கிடைக்கும் கல்லை விடப் பாரமான ஒன்று உள்ளே இருக்கிறது என்று அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. அது பெரும்பாலும் இரும்பு.

கடைசியாக, உங்கள் வகுப்புக்கு அடுத்த கிழமையே செய்யக்கூடியது. பெரிய கல் தேடி அலைய வேண்டாம். வாசலில் இருக்கும் அதே சல்லிக் குவியலில் ஒரேமாதிரித் தெரியும் 20 கற்களைப் பொறுக்கி, வெங்காயம் வரும் வலைப்பை ஒன்றில் போட்டுக் கட்டுங்கள். எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ வரும். முதலில் உலர்ந்தபடி நிறுத்து, பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கி, குமிழ் போகப் பையை நன்றாக ஆட்டிவிட்டு வாசியுங்கள். வெறும் பையையும் இதேபோல உலர்ந்தபடியும் தண்ணீருக்குள்ளும் இரண்டு முறை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். நால்வரும் தனித்தனியாக, மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் செய்யட்டும். அந்த நான்கு விடைகளையும் பழைய 2.3, 2.5, 2.7, 3.0க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மை பேனையால் எழுதட்டும்.